பனியனில் ஒரு முழங்கை

கொஞ்சம் நகந்து குந்து தம்பி. கைக்குட்டை போட்டு எடம் புடிச்சிருக்குதுன்னு எனக்கு சொல்லாத. இந்த மாரிக்குப்பம் ரயிலு வண்டியில கைக்குட்டை சட்டம் போட்டதே எங்க காலத்து ஆளுங்கதான். போட்டவன் வரல இல்ல? வந்தான்னா எழுந்துக்குறேன். வயசானவன் நிக்கறத பாத்துகினு செல்போன நோண்டிகினு குந்தியிருக்கீங்களே, இன்னா ஜென்மம்டா நீங்கல்லாம்.

அது இருக்கட்டும். அந்தப் பனியன் எங்க வாங்குன?

இல்ல, சொல்லு. நெட்டுலயா. எந்த ஊர்லேந்து வருது? ஜெர்மனியா? சரிதான். தங்கவயல்ல பொறந்து, தங்கவயல்லேந்து வண்டி ஏறி, ஜெர்மனிக்காரன் வித்த பனியன்ல தங்கவயல் சயனைட் மேட்ட போட்டுகினு போற. அந்த மேட்டுல நிக்கறது யாருன்னு தெரியுமா உனக்கு?

ராகுலன், நெவில். கரெக்டு. கிடார் வச்சிருக்கறவன் ராகுலன், சிரிக்கற வெள்ளைத்தோலு நெவில், டிரம்ஸ் அடிக்கறவன். பாண்டு பேரு சயனைட் சண்டே. நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கற. இந்த ஓரத்துல இன்னா இருக்குது? இங்க, உன் அக்குள் கிட்ட. கைய தூக்கு. இது இன்னா?

முழங்கை. ஆமா. யாரு முழங்கை?

தெரியாது. சொம்மா ஏதோ டிசைனுன்னு நெனச்ச. தம்பி, டிசைனுல எவனாவது முழங்கைய வரைவானா? அது என் முழங்கை. இடுப்புல கைய வச்சிகினு நின்னேன் நானு. மூணு பேரு நின்ன போட்டோ அது. ஒருத்தன வெட்டிட்டான். வெட்டறவன் ஒழுங்கா வெட்டியிருக்கக் கூடாதா? முழங்கைய மட்டும் வுட்டுட்டுப் போய்ட்டான்.

சிரிக்காத. எனக்கு எழுவத்தி மூணு வயசு ஆவுது. இந்த வண்டியில தெரியாத பையன்கிட்ட பொய் சொல்லி எனக்கு இன்னா கெடைக்கப் போவுது? நம்பலன்னா கம்முனு எழுந்து அந்தப் பக்கம் போ. போவ மாட்ட, எடம் போயிடும்.

பேஸ் கிடார் நானு. நாலு கம்பி. பாட்டுக்கு அஸ்திவாரம். அஸ்திவாரத்த எவனும் பாக்க மாட்டான், கோபுரத்து மேல இருக்கற கலசத்துக்குத்தான் கும்புடு போடுவான். பாண்டுக்குப் பேரு வச்சதே நான்தான். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி நெவில் வூட்டுக்கு வாசிக்கப் போவும்போது அந்த வெள்ளை மேட்ட தாண்டித்தான் போவணும். தங்கத்த உறிஞ்சிட்டு கம்பெனி கொட்டுன மண்ணு. அத்த பாத்துட்டு நான்தான் சொன்னேன். சரி, சண்டேன்றது ராகுலன் சொன்னது. சயனைட் நான் சொன்னேன்.

இன்னா? இன்னொரு வாட்டி சொல்லு. பவர் பாப்பு. சைக்கடெலிக்கு. அப்பிடியா. எங்க மாதிரி பாட்டுக்கு அந்தப் பேரெல்லாம் இருக்குதுன்னு வாசிக்கும்போது எங்களுக்குத் தெரியாது தம்பி. கிளப்புல டான்ஸுக்கு வாசிப்போம். மூணு நிமிசத்துல முடியணும், ஆடறவனுக்கு கால் நிக்கக் கூடாது, ரெண்டு கொரலு சேர்ந்து பாடணும், பாட்டு மண்டையில ஒட்டிக்கணும். அவ்ளோதான். அதுல கெடுத்தது யாருன்னு கேட்டா ராகுலன். நல்லா ஓடிகினு இருக்கற பாட்டுக்கு நடுவுல அவனுக்கு ஏதாவது வந்துடும். மைன்ஸுக்குள்ள கீழ காத்துக்குப் போடற பெரிய தகர பைப்பு இல்ல, அதுல ஒரு துண்ட பழைய இரும்புக் கடையிலேந்து தூக்கிகினு வந்து அதுக்குள்ள வாய வச்சிப் பாடுவான். கெணத்துல வுழுந்தவன் மாதிரி கேக்கும். கிடார் சத்தத்த தண்ணித்தொட்டிக்குள்ள அனுப்பி மைக்குல புடிப்பான். ஆடறவன்லாம் நின்னுட்டு எங்கள பாப்பான். எனக்கு மானம் போவும்.

கஞ்சா அடிச்சிட்டுப் போட்ட பாட்டுன்னா? எவன் எழுதுனது அது? உங்க நெட்டுல எழுதறவன் வாயில மண்ண போட. நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுல சாமியார் கையால நன்மை அப்பம் வாங்குனவன். ராகுலன் வூட்டுல பௌத்தருங்க, அவங்க அப்பா புத்தர் படத்துக்கு பூ வக்காம டீ கூட குடிக்க மாட்டாரு. எங்களுக்குப் போதை பீடியும் டீயுந்தான். அந்தப் பாட்டு எங்கேந்து வந்துச்சின்னு கேளு, சொல்றேன். எங்க நைனாகிட்டேந்து வந்துச்சி.

'கீழே வானம்'. அதானே உன் பனியன்ல பின்னாடி எழுதியிருக்குது? எங்க நைனா சொன்னது. நைனா டிம்பர்மேன். கீழ பாறைக்கு மரம் கட்டற வேலை. ஒருநாள் அவரு வெளக்கு அணைஞ்சிப் போச்சாம். அந்த மாதிரி இருட்டு நீ பாத்திருக்க மாட்ட, கண்ண மூடுனாலும் தொறந்தாலும் ஒண்ணுதான். கொஞ்ச நேரம் கழிச்சி கண்ணுக்குள்ள கலர் கலரா வருமாம். பச்சை, ஊதா, நட்சத்திரம் மாதிரி. 'மேல இருக்கறது ஒரு வானம்னா கீழ ஒண்ணு இருக்குதுடா'ன்னு சொன்னாரு. யாருகிட்ட சொன்னாரு? என்கிட்ட இல்ல. பெத்த புள்ள நான் அடுப்பாண்ட குந்திகினு கீறேன், ராகுலன்கிட்ட சொல்றாரு. அவன் எங்க வூட்டுக்கு வந்தா நைனா காலாண்ட போய் குந்திக்குவான். அவனும் நைனான்னுதான் கூப்புடுவான். ஊரான் வூட்டு அப்பன நைனான்னு கூப்புட்டு, அவரு வாய புடுங்கி, பாட்டா எழுதிட்டான். பாட்டுக்குக் கீழ யாரு பேரு? ராகுலன். நைனா பேரும் இல்ல, என் பேரும் இல்ல.

பங்காருப்பேட்டை. இங்க வண்டி கொஞ்சம் நிக்கும். வடை வேணுமா? வாணாம்னா வுடு.

உனக்கு அந்தப் பாட்டுல இன்னா புடிக்கும்? உண்மைய சொல்லு.

அதான். அதத்தான் சொல்லுவேன்னு தெரியும். எல்லா பயலும் அதத்தான் சொல்றானாமே. கடைசியில டம்முனு ஒரு சத்தம், அதுக்கப்புறம் நீளமா ஒரே ஊளை. எங்க பேத்தி சொன்னா, அது பத்தி வெள்ளைக்காரன் பக்கம் பக்கமா எழுதியிருக்கறான்னு. தியானமாம். பிரபஞ்சமாம். தம்பி, நீ தங்கவயல் பையன், உனக்கு சொல்றேன், கேட்டுக்கோ. அது ஏர்பிளாஸ்ட்டு.

மைன்ஸ் மூடுனப்புறம் பொறந்தவன் நீ, உனக்கு எங்க தெரியும்? ஆழத்துல பாறை அழுத்தம் தாங்காம வெடிக்கும். மேல வூடு குலுங்கும். அலமாரியில தட்டு வுழும், கொழந்தைங்க அழும். குலுங்கிச்சின்னா தங்கவயல்ல ஒரு வழக்கம். கையில இன்னா இருக்குதோ அத்த போட்டுட்டு ஓடணும். சோறு துன்றியா, எலையோட வுடு. தாலி கட்டறியா, அப்பால கட்டிக்கோ. உன் வூட்டு ஆளு எந்த ஷாஃப்டுல எறங்குனாரோ அந்த ஷாஃப்டு வாசலுக்கு ஓடணும். ஓடாதவன் மனுசன் இல்ல. இது எவனும் எழுதி வச்ச சட்டம் இல்ல, ஆனா நாய் கூட ஓடும்.

அன்னிக்கி ஞாயித்துக்கெழம. நெவில் அப்பா ஆபீஸர், பெரிய ஹாலு அவங்க வூட்டுல. யார்கிட்டயோ கேட்டு ஒரு டேப்பு மிஷின் கொண்டாந்திருந்தான் நெவில், பெரிய சக்கரம் சுத்துமே அது. இப்ப மாதிரி தனித்தனியா பாடி ஒட்டற வேலையெல்லாம் கெடையாது. ஒரே டேப்பு, ஒரே மைக்கு, எல்லாரும் ஒண்ணா வாசிக்கணும். வெட்டவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. இன்னா நடந்துச்சோ அதான் உள்ள இருக்கும்.

ராகுலன் அவன் ஆம்ப்ளிஃபயர எவ்ளோ சத்தமா வைக்க முடியுமோ அவ்ளோ சத்தமா வச்சிருந்தான். அது ஒரு சனியன். அவனே ரேடியோ சாமான வச்சி கட்டுனது. ஆஃப் பண்ணாம கிடார அது மேல சாய்ச்சி வச்சிட்டா தானா ஊளையிட ஆரம்பிச்சிடும், நிறுத்தாது. எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன், டேய், ஆஃப் பண்ணிட்டு வைடான்னு. கேக்க மாட்டான்.

பாட்டு கடைசிக்கு வந்துடுச்சி. நான் வெறுங்கால்ல நிப்பேன், எனக்குத் தரை வழியா தாளம் கேக்கணும். தரை ஆடிச்சி. மொதல்ல கால்ல தெரிஞ்சிது, அப்பால ஜன்னல் கண்ணாடி. அடுத்து சங்கு. எங்க ஷாஃப்டு சங்கு. நைனா காலையில எறங்கியிருந்தாரு. நான் கிடார கழட்டி கீழ போட்டேன். அதான் நீ கேக்கற டம்மு. என் பேஸ் கிடாரு கழுத்து ஒடையற சத்தம் அது. போட்டுட்டு ஓடுனேன்.

இப்ப கேளு. நான் ஓடறேன். ரோட்டுல பொம்பளைங்க முந்தானைய வாயில கவ்விகினு ஓடறாங்க. பின்னால கிடாரு நிக்கல. தம்பி, நிக்கவே இல்ல. சர்ச்சு தாண்டிட்டேன், அப்பவும் கேக்குது. ராகுலன் வாசிச்சிகினே கீறான். என் நைனா கீழ. அவன் அண்ணன் அசோகனும் அன்னிக்கி கீழ, வேற ஷாஃப்டு, ஆனா கீழதான. தரை குலுங்கிடுச்சி, சங்கு ஊதிடுச்சி, இவன் பாட்ட வுட மாட்டேன்றான். எரியற வூட்டுல புடுங்குன வரைக்கும் லாபம்னு வாசிக்கறான். அன்னிக்கி அந்த ரோட்டுலயே நான் முடிவு பண்ணிட்டேன், இவன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு.

நைனாவுக்கு ஒண்ணும் ஆவல. கடைசி லிஃப்டு கூண்டுல மேல வந்தாரு. மூஞ்சியெல்லாம் தூளு. என்ன பாத்து, 'செருப்பு எங்கடா'ன்னு கேட்டாரு. வூட்டுக்குக் கூட்டிகினு வந்தேன். அம்மா கறி ஆக்கி வச்சிருந்தா, துன்னோம்.

அசோகண்ணன் போய்ட்டாரு. அந்த ஷாஃப்டுல சாயங்காலமா மூணு பேர எடுத்தாங்க, அதுல ஒருத்தரு.

போவல. எதுக்குப் போவணும்? அம்மா சொன்னா, போடா, உன் சிநேகிதன் வூட்டு சாவுடான்னு. வாசிச்சிகினு இருந்தவன் வூட்டுக்கு நான் எதுக்குப் போவணும்? எங்க லைன் வூட்டுத் தெரு வழியாதான் பாடைய தூக்கிகினு போனாங்க. நான் கதவ சாத்திகினேன். நைனா போனாரு. தோள் குடுத்தாரு. வந்து என்கிட்ட பேசல. அந்த மாசம் பூரா பேசல. பேசுனப்ப இன்னா சொன்னாரு தெரியுமா? 'டேய், அன்னிக்கி நான் கூண்டுலேந்து எறங்கும்போது ராகுலனும் நின்னான்டா, உனக்குப் பின்னாடி, கூட்டத்துல'ன்றாரு. 'என்ன பாத்துட்டுதான் அவன் அண்ணன் ஷாஃப்டுக்கு ஓடுனான்'றாரு. பாத்தியா, எப்பிடி மயக்கி வச்சிருந்தான்னு. இருட்டுலேந்து வெளிச்சத்துக்கு வந்தவரு, கண்ணு கூசும், எவன் எவன்னு எப்பிடித் தெரியும்? அவன் இங்க வாசிச்சிகினு இருந்தத என் காதால கேட்டேன். எங்க நைனா சாவற வரைக்கும் அதையே சொல்லிகினு இருந்தாரு. நானும் பதில் சொல்லிகினே இருந்தேன், பொய்யின்னு.

காரியம் முடிஞ்சி ஒரு நாள் ராகுலன் வந்தான். எங்க வூட்டு வாசப்படியில நின்னான். மொட்டை அடிச்சிருந்தான். நான்தான் கேட்டேன், 'வாசிச்சி முடிச்சிட்டியா?'ன்னு.

இன்னா அப்பிடி பாக்கற? கேக்கக் கூடாதா? நியாயமா கேட்டேன். அப்பிடியே திரும்பி நடந்துட்டான். குத்தம் உள்ளவன் நிப்பானா?

அப்பால ரெக்கார்டு வந்துச்சி. மெட்ராஸ்ல ஒரு சின்ன கம்பெனி போட்டுது. பாட்ட திரும்ப வாசிக்கலாம்னு நெவில் சொன்னானாம், ராகுலன் மாட்டேன்னுட்டானாம், அப்பிடியே குடுத்துட்டான். என் நைனா உயிருக்கு நான் பயந்து போட்ட சத்தத்த எடுத்து வித்துட்டான். அட்டையில போட்ட போட்டோலேந்து என்ன கறிவேப்பில மாதிரி எடுத்துப் போட்டுட்டான். எதுக்கு? ஒரு காரணம் சொல்லட்டும். இந்த ஊர்ல யாரவேணா கேளு, நான் அவனுக்கு இன்னா கெடுதல் பண்ணேன்? நான் அவன்கிட்ட சண்டை கூட போடல. கேட்டதே ஒரே ஒரு கேள்விதான். பொறாமை தம்பி. அஸ்திவாரம் நான்னு அவனுக்குத் தெரியும்.

நெவில் அந்த ரெக்கார்டுல ஒண்ணு கொண்டாந்து குடுத்தான். வெந்நீர் அடுப்புல போட்டேன். நல்லா எரியும் அது. நெவில் ஏதோ சொல்ல வாயெடுத்தான், கெளம்புன்னேன். அவன் அப்பால ஆஸ்திரேலியா போய்ட்டான். ராகுலன் ஏதோ ஸ்கூல்ல பாட்டு வாத்தியாரா இருந்து போன வருசம் செத்துட்டான். தெரியும், பேத்தி காட்டுனா. அதுக்கும் போவல.

அந்தப் பாட்டையா? கேட்டதே இல்ல. இன்னிக்கி வரைக்கும் கேட்டதில்ல. எதுக்கு கேக்கணும்? நான் அங்க இருந்தேன்.

மாலூர் தாண்டிடுச்சி. இன்னா இது? வாணாம். எடு அத்த. எனக்கு இந்தக் காது சரியா கேக்காது. வாணாம்னா வுடேன். ஏன் இப்பிடி மூஞ்சிய வச்சிகினு நீட்டற? பொய் சொல்றேன்னு நெனைக்கறியா? குடு. எந்தப் பக்கம் சொருவணும்? குடு, உனக்கு நிரூபிச்சி காட்டறேன். அவன் வாசிக்கறத நீயே கேளு, நானும் கேக்கறேன்.

ம்.

நெவில். கட்டை ஒடையற மாதிரி டிரம்ஸ் அடிப்பான் பாவி. இது பைப்புக்குள்ள பாடறது. இரு. இப்ப கீழ ஒண்ணு வருது பாரு, தும், தும்தும். கேக்குதா? அது நானு. நான்தான் அது. நல்லாத்தான் வாசிச்சிருக்கறேன். ரெண்டாவது கொரலும் நான்தான். மேல போறது அவன், கீழ புடிக்கறது நான்.

வருது. இப்ப வரும் பாரு.

டம்மு. அதான் என் கிடாரு. இப்ப அவன் வாசிப்பான், கேளு.

இரு.

நிறுத்து. கொஞ்சம் பின்னால போ. பின்னாலடா. சத்தத்துக்கு அடுத்தது.

இது யாரு? கத்தறது யாரு?

'லூர்து, நில்லுடா, நைனாவுக்கு நானும் வரேன்.'

இத்தினி வருசமா இது இதுல இருக்குதா? உங்களுக்கெல்லாம் கேக்குமா? லூர்துன்றது யாருன்னு யாரும் கேட்டதில்லயா? கேட்டுகினுதான் கீறாங்களா? ஏதோ சாமி பேருன்னு நெனைக்கறாங்களா. நான்டா அது. லூர்துசாமி. என் பேரு அது.

சேர்த்திருப்பான். அப்பால சேர்த்திருப்பான். அவன் சூதுக்காரன்.

இல்ல. சேர்க்க முடியாது. ஒரே டேப்பு.

போடு. இன்னும் வுடு. நெவில் எங்க? டிரம்ஸ் சத்தம் எங்க? எதோ கவுந்துச்சி, ஸ்டூலா? இது கதவு. நெவில் வூட்டுக் கதவு இப்பிடித்தான் அடிச்சிக்கும். இப்ப ஊளை மட்டும் இருக்குது. ஒரே சுரம். ஏறல, எறங்கல. கையி இல்ல தம்பி அதுல. வாசிக்கற கையி இருந்தா இப்பிடி இருக்காது. சாய்ச்சி வச்சிட்டுப் போயிருக்கறான். ஆஃப் பண்ணாம வச்சிட்டுப் போயிருக்கறான் முட்டாப்பய, எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன்.

அந்த ரூம்ல யாருமே இல்ல.

நைனா சொல்லிகினே இருந்தாரு. எனக்குப் பின்னாடி நின்னான்னு. நான் ஒரு வாட்டி திரும்பிப் பாத்திருந்தா போதும். என்ன கூப்புட்டுகினேதான் வந்திருக்கறான் அந்த ரோட்டுல. இந்த ஊளையில எனக்குக் கேக்கல.

மொட்டைத் தலையோட வந்து நின்னான் தம்பி. வாசப்படியில.

எடு இத்த காதுலேந்து. போதும். கண்ணுல ஒண்ணும் இல்ல, ஜன்னல் காத்து. உனக்கு எவன் இத்தயெல்லாம் போட்டுக் காட்டச் சொன்னது? காலங்காத்தால வண்டி ஏறுனமா, எடம் புடிச்சமா, கம்முனு தூங்குனமான்னு இல்லாம. உங்க ஆளுங்களுக்கு வேற வேலையே இல்லயா?

ஒயிட்ஃபீல்டு வந்துடுச்சி. நீ எறங்கற எடம் இதான? எறங்கு. இன்னா நின்னுகினு கீற, போட்டோவா? ஒரு மயிரும் வாணாம். என்கூட போட்டோ எடுத்து எவன்கிட்ட காட்டப் போற? போ, கதவாண்ட கூட்டம் வந்துடும்.

தம்பி. இங்க வா.

அந்தப் பனியன தோய்க்கும்போது உள்பக்கமா திருப்பிப் போட்டுத் தோய். பிரஷ் போட்டுத் தேய்க்காத. ஓரம்தான் மொதல்ல அழியும்.